சூரியனோடு தூங்கும் கட்டடம்

என் முதலாளியை அலுவலகத்தில் மூங்கிலார் என்போம், அவர் காதில் விழாதபடி. எதைக் கட்டச் சொன்னாலும் நாலு மூங்கிலை நட்டு, "இது சுவாசிக்கும்" என்பார். அவர் கட்டிய வங்கி சுவாசிக்கிறது. கார் நிறுத்துமிடம்கூடச் சுவாசிக்கிறது. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

எங்கள் பகுதியின் பழைய சமூகக்கூடத்தை இடித்துவிட்டுக் கலை இல்லம் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. பசுமைக் கட்டடம், ஒரே கூரையின் கீழ் பதினோரு பயன்பாடு. வரைபடம் போட்டவன் நான். தேநீரகம், உரையாடல் வெளி, சிந்தனை முற்றம் என்று பதினொன்றையும் அழகாக எழுதியவனும் நான். பத்தாவதுக்கும் பதினோராவதுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "அனுபவம் வேற" என்றார்.

நாடக ஒத்திகைக்கு மட்டும் இடமில்லை.

அந்தக் கூடத்தில் பதினாலு வருஷமாக ஒத்திகை பார்ப்பது என் அக்காவின் குழு. அக்கா தையல்காரி. குழுவில் பேருந்து ஓட்டுநர் உண்டு, மருத்துவமனையில் தரை துடைப்பவர் உண்டு, நானும் உண்டு. எனக்கு எப்போதும் காவலாளி வேஷம். ஈட்டியோடு நிற்பேன், வசனம் கிடையாது. வேலை முடிந்து எல்லோரும் ஆறு மணிக்கு மேல்தான் வந்து சேருவோம்.

ஆய்வுக்குப் போன எங்கள் அலுவலக ஆட்கள் இருவர், பத்து நாள், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வாசலில் உட்கார்ந்து தலை எண்ணினார்கள். "நாடகத்துக்குப் பயன்படுத்துவோர்: பூஜ்யம்" என்று அறிக்கை வந்தது. பட்டப்பகலில் ஆந்தையைத் தேடிவிட்டு, ஆந்தை இனமே அழிந்துவிட்டது என்று எழுதுகிற ஆய்வு! பயன்படுத்துவோர் இல்லையென்றால், இடிக்க யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

அறிக்கையை நான் படித்தேன். வாயைத் திறக்கவில்லை. வசனமில்லாமல் நின்று பழகிய வாய்.

கடைசியில் அக்காவிடம் சொன்னபோது அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"பூஜ்யமா? அப்போ பதினாலு வருஷமா அங்கே கத்தினது பேயாடா?"

"சாயங்காலம் யாரும் எண்ணலக்கா."

"உனக்கு எண்ணத் தெரியாதா? சம்பளம் வாங்கினா விரலும் மடங்காதோ?"

கீழே சிதறிக் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"என்னைக்கு முடிவு பண்றாங்க?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு, கூடத்துலயே. ஆனா அந்த நேரத்துக்கு நம்ம ஆளுங்க யாருக்கா வர முடியும்?"

"அஞ்சு மணிக்கு உங்க ஆளு பேச ஆரம்பிப்பாரு. எப்போ முடிப்பாருன்னு எனக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை நடு மேசையில் மாதிரிக் கட்டடம் வைக்கப்பட்டது. முடிவெடுக்க வேண்டிய கூட நிர்வாகக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எதிராளி வாய் திறந்திருந்தாலும் பதில் எதிர்பார்க்காதவர்.

"இந்தக் கட்டடத்துக்கு மின்விளக்கே கிடையாது" என்று தொடங்கினார் மூங்கிலார். "சூரியனோட எழும், சூரியனோட தூங்கும். பொழுது சாஞ்சா கதவு தானா சாத்திக்கும்."

கைதட்டினார்கள். அவர் ஒவ்வொரு பயன்பாடாக விளக்கினார். ஏழாவதில் ஜன்னல் மங்கியது. ஒன்பதாவதில் தன் காகிதமே அவருக்குத் தெரியவில்லை.

"யாராவது லைட்டைப் போடுங்கப்பா" என்றார் தலைவர்.

சுவிட்சுப் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றாள் அக்கா. "எதுக்கு சார்? கட்டடம் தூங்கிடுச்சு."

"யாரும்மா அது?"

"பூஜ்யத்துல ஒருத்தி."

"மேடம், அந்தத் தத்துவமெல்லாம் புதுக் கட்டடத்துக்குத்தான்" என்றார் மூங்கிலார்.

"ஏன், புதுசுல இருட்டாதா சார்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"உங்களை மாதிரிக் கலைஞர்களுக்காகத்தாம்மா இதைக் கட்டறதே! பகல்ல வாங்களேன், யார் தடுத்தா?"

"பகல்ல நான் இங்கே வந்தா உங்க சட்டைக்குக் கை யார் வைப்பா? எங்க டிரைவர் வந்தா நீங்க வீட்டுக்கு நடந்துதான் போகணும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. எங்ககிட்ட புள்ளிவிவரம் இருக்கு. தம்பி, அந்த அறிக்கையைப் படி."

தம்பி என்றது என்னை.

"இருட்டா இருக்கு சார்" என்றேன். திறந்த வாயை மூட முடியவில்லை. "வெளிச்சம் வந்தாலும் படிக்க மாட்டேன். அது தப்பு. எண்ண வந்த நம்ம ஆபீஸ் ஆளுங்க நாலு மணிக்கே கிளம்பிட்டாங்க. நாங்க வர்றதே ஆறு மணிக்கு மேல."

"நாங்களா?"

"நாங்கதான் சார்."

அக்கா விளக்கைப் போட்டாள். பின்வரிசை நாற்காலிகள் நிறைந்திருந்தன. மடியில் சாப்பாட்டுப் பையோடு, சீருடை மாற்றாமல், ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எழுந்து, மேல்வரிசை கீழ்வரிசை என்று பல் எண்ணுவதுபோல் விரல் நீட்டி எண்ணினார்.

"இருபத்தாறு பேர். இவங்களுக்கு எங்கேங்க ரூம்?"

மூங்கிலார் மாதிரியின் கூரையைத் தூக்கிக்கூடப் பார்த்தார். நான் வரைபடத்தில் சிந்தனை முற்றத்தை அடித்துவிட்டு 'ஒத்திகை அறை' என்று எழுதி, நாலு விளக்குகளும் போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது.

"இப்படி மாத்திக் கொண்டாங்க" என்றார் தலைவர். "அதுவரைக்கும் இந்தக் கூடத்துல ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது."

மூங்கிலார் ஒரு நொடியில் தேறிவிட்டார். "மக்களோட சேர்ந்து வடிவமைக்கிறதுதானே எப்பவும் எங்க பாணி! தம்பி, இதைக் குறிச்சுக்கோ."

நான் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன்.

"சார்" என்றாள் அக்கா, மேசையைக் காட்டி. "அந்தப் பொம்மை வீட்டைக் கொஞ்சம் ஓரமா எடுத்து வைக்கிறீங்களா? எங்க ஒத்திகைக்கு நேரமாச்சு."