அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே புத்தகம்

எழில்மொழிக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. குரூப் ஃபோர் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போன தடவை இரண்டே மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போயிருந்தது. இந்த முறை நன்னிலத்து வீட்டில் அவளோடு சேர்ந்து கணவன் பகலவனின் தங்கை சுடர்விழியும் எழுதுகிறாள். பகலவன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். கூலி இன்னும் கைக்கு வரவில்லை.

“ஒரு புக்குதான். ரெண்டு பேரும் சேந்து படிங்க” என்று சொல்லிவிட்டான்.

“ஈபுக்குன்னா நூத்தம்பதுதாங்க. போன்லயே இறக்கிக்கலாம். தஞ்சாவூர் போயி பழைய புக்கு வாங்குனா முந்நூறு, பஸ்ஸுக்கு வேற தண்டம்” என்றாள் எழில்மொழி.

சுடர்விழி விடுவாளா? “பழசைப் படிச்சு முடிச்சதும் அதே கடையில பாதி வெலைக்கு எடுத்துக்குவாங்கண்ணே. ஈபுக்க யாருகிட்ட விக்கிறது?”

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இவர்கள் கணக்கில் பஸ் காசைத் தவிர வித்தியாசமே மிஞ்சவில்லை. பகலவன் தலையைச் சொறிந்தான். கையில் பிடிக்கிற பொருள் என்றால் அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம். தங்கை பக்கம் சாய்ந்துவிட்டான்.

எழில்மொழி உள்ளுக்குள் வெந்தாள். விலையா அவள் கவலை? ஈபுக் அவள் போனில் மட்டும்தான் திறக்கும். சுடர்விழியின் போன்தான் வாய்க்காலில் விழுந்து செத்துப்போயிற்றே!

பழைய புத்தகம் வந்தது. பயந்தபடியே ஆயிற்று. வயலில் மிஷினோடு இருக்கிற ஆட்களுக்குச் சோறு வடித்து, பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் புத்தகம் சுடர்விழியின் மடியில் இருக்கும். “இதோ அண்ணி, இந்த ஒரு பாடந்தான்” என்பாள். அந்த ஒரு பாடம் சாயங்காலம் வரை முடியாது. எழில்மொழி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். குழம்பு அடிபிடித்தது. ஆத்திரமாக வந்தது, ஒரு புத்தகத்துக்கு இப்படிப் பறக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் புத்தகத்தைப் பிடித்து இழுத்துவிட்டாள். சுடர்விழியும் பிடியை விடவில்லை. பழைய பசைதானே, எவ்வளவு தாங்கும்? முதுகு பிளந்து ஆளுக்கொரு பாதி கையில் வந்தது.

“போச்சு. இனிமே கடைக்காரரு தொடக்கூட மாட்டாரு” என்றாள் சுடர்விழி.

எழில்மொழிக்கு அழுகை முட்டியது. மறைத்து வைத்திருந்ததும் அதோடு வெளியே வந்துவிட்டது. “நான் ஈபுக் கேட்டதே உனக்குக் கெடைக்கக் கூடாதுன்னுதான் சுடரு.”

சுடர்விழி கையிலிருந்த பாதியை மடியில் வைத்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: “தெரியும் அண்ணி. நான் பழசு கேட்டதும் அதுக்குத்தான். ஒங்களுக்குத்தான் அடுப்படிய விட்டு வர நேரமே இருக்காதே.”

உள்ளே உலை பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. எழில்மொழி பழக்கத்தில் எழப்போனாள். எழவில்லை.

“அத நீ போயிப் பாரு” என்று சொல்லிவிட்டு, தன் பாதியைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.