எட்டு மணிக் கசப்பு

அந்தக் குழந்தையின் வயிற்றில் குழாய் பொருத்திய மறுநாள் காலை, குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க, அதன் வீடு இருந்த தெருவில் எல்லோர் வாயிலும் வெதுவெதுப்பான பாலின் ருசி வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா அப்போது குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கோட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். தெருமுனைப் பல் டாக்டருக்கும் வந்தது, அவர் முன்னால் வாயைப் பிளந்து கிடந்த நோயாளிக்கும் வந்தது. ஊசி போட்டு மரத்துப்போன பக்கத்தில்கூட வந்ததாக அந்த ஆள் பிறகு சொன்னார். முதலில் குடிதண்ணீரின் மேல் பழி போட்டார்கள். புகாரின் பேரில் வந்த தண்ணீர் இலாகாக்காரர் தெருக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்க்கும்போதே அவருக்கும் பால் ருசி வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். விஷயம் என்னவென்று கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர். குழந்தை வீடு திரும்பியபின், அந்த வீட்டில் மிக்ஸி ஓடி நின்ற கொஞ்ச நேரத்தில் தெருவெங்கும் கேரட் ருசிப்பதை அவர் சில நாள் கவனித்தார். பிறகு ஆப்பிள், பட்டாணி என்று ஒவ்வொன்றாக ஒத்துப்போகவே, சந்தேகம் தீர்ந்துவிட்டது. குழாய் வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குள் என்ன போனாலும் அதன் ருசி தெருவுக்கு வந்தது. தெரு முனை தாண்டினால் வராது.

குழந்தை எதையும் விழுங்க முடியாமல் பிறந்தது. ஒரு ஸ்பூன் பால் கொடுத்தாலும் அது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போய், மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இதயத்தில் ஒரு முறை தையல் போட்டாகிவிட்டது. வலிப்பு வரும். தூங்கும்போது மூச்சுக்கு ஒரு மெஷின் துணை வேண்டும். இத்தனை இருந்தும், அல்லது இத்தனை இருந்ததால், அந்த வீட்டில் அது வைத்ததுதான் சட்டம். பிடிக்காவிட்டால் நாக்கைச் சொடுக்கும், பிடித்தால் தன் நாற்காலியின் தட்டுப் பலகையில் ஓங்கி ஒரு அடி. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அதற்கு மேடம் என்று பெயர் வைத்தார். வீட்டுப் பெயர் நாளடைவில் தெருப் பெயராகி, டாக்டர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். பலகையில் அடி விழுந்தால் ஆமாம் என்று அர்த்தம்.

ருசி ஒருவருக்கு மட்டும் வரவில்லை. மேடம் இருக்கும் அதே கூரைக்குள் இருப்பவர்களுக்கு அது வருவதில்லை, அம்மாவோ மேடத்தை விட்டு ஒரு அடி நகர்வதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கு மனசு ஆறவே இல்லை. வேகவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக் கை கடுக்கச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறவள் அவள். அவளுக்குத் தெரியாத ருசி கண்டவர்களுக்கெல்லாம் தெரிகிறதே என்று அழுதாள். கணவரிடம், "உங்களுக்காவது வருதா?" என்று கேட்டாள். அவர் மூச்சு மெஷினின் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "எனக்கு எங்க வருது," என்றார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெரு பழகிக்கொண்டது. காலையிலும் மாலையிலும் எட்டு மணிக்கு வலிப்பு மருந்து, அது நாக்கின் அடிவரை கசக்கும். ஆகவே எட்டடிக்குமுன் காபியைக் குடித்து முடித்துவிடுவார்கள், அல்லது கசப்பு போகட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகள் இருவர் முகமும் ஒரே மாதிரி கோணிப்போக, எதற்குச் சண்டை என்பதே மறந்துவிடும். வீட்டுத் தரகர் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், தண்ணீருக்குப் பஞ்சமில்லை, மாடியில் நல்ல காற்று, எட்டு மணிக்குக் கசக்கும் என்று வரிசையாகச் சொல்வார். கேரட்டில் ஒரு கல் உப்பு போட்டால் தேவலை என்று தெருவில் பலருக்கும் எண்ணம் இருந்தது. அதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் ருசி நின்றுபோனது. யாரோ பார்க்க வந்து தும்மிவிட்டுப் போனதில் மேடத்துக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் குழாய்வழியையும் நிறுத்திவிட்டு, நரம்பு வழியாக மட்டும் ஏற்றினார்கள். எட்டு மணி வந்தது, கசக்கவில்லை. தெருவில் அடுப்பு எரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் எல்லோர் நாக்கிலும் மெல்லிய சர்க்கரைத் தண்ணீர் தட்டியது. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கால் மிதியிலேயே கால்களை வைத்தபடி, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையில் முகத்தைப் புதைத்து அழுதார். அந்தத் திரைச்சீலை யாருடையதோ, அப்படியே துவைத்துக் கொடுத்தார்.

மேடம் திரும்பி வந்தபின் அம்மா கதவைச் சாத்தினாள். ஒரு தும்மலுக்கு இவ்வளவு என்றால் இனி எந்தத் தும்மலும் உள்ளே வர வேண்டாம் என்பது அவள் முடிவு. பேச வேண்டியதை ஜன்னல் வழியாகப் பேசினார்கள், அதுவும் குறைந்தது. வீட்டுக்குள் பார்த்துக்கொள்ள இரண்டே பேர். ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்குவார், ஒருவர் குளித்தால் மற்றவர் சளியை உறிஞ்சி எடுப்பார். கல்யாணமானவர்கள்தான், ஆனால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பேச்சுக்கே நேரமில்லாததால், மருந்துக்கு அடையாளமாக, துணி உலர்த்தும் சிவப்புக் கிளிப் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். யார் முறையோ அவர் கிளிப்பைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொள்வார். மருந்து கொடுத்ததும் கழற்றி ஜன்னல் திரையில் மாட்டுவார். திரையில் கிளிப் இருந்தால் கொடுத்தாயிற்று, இல்லாவிட்டால் இன்னும் இல்லை. நல்ல ஏற்பாடு, அது தவறும்வரை.

அது தவறிய அன்று காலை அப்பா மருந்தைக் கொடுத்தார், தெரு கசந்தது, கிளிப்பைக் கழற்றக் கை போனபோது போன் வந்தது. நாலு தெரு தள்ளி ஒரு ஆபீஸ் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். குளியலறைப் பக்கம் ஒரு குரல் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காலரில் சிவப்புக் கிளிப்போடு ஓடினார். அம்மா குளித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். கிளிப் இல்லை. இந்த மனுஷன் அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, மருந்தை அளந்து சிரிஞ்சில் எடுத்துக் குழாயில் பொருத்தி அழுத்த ஆரம்பித்தாள். அந்த மருந்து இரண்டு மடங்கு போனால் மேடம் மூச்சுவிட மறந்துவிடும்.

தெரு இரண்டாவது முறை கசந்தது. பல்லிலிருந்த குண்டூசிகளைத் தரையில் துப்பிவிட்டுத் தையல்காரம்மா தெருவைத் தாண்டினார். ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்து, "நிறுத்தும்மா, கைய எடு. ரெண்டாவது தரம் கசக்குது," என்றார். அம்மாவின் கை நின்றது. சிரிஞ்சில் பாதி மிச்சமிருந்தது. சட்டென்று அதன் தண்டைப் பின்னுக்கு இழுத்தாள். வயிற்றிலிருந்து கொஞ்சம் திரும்பி வந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. அதற்குள் வாசலில் கூட்டம். பல் டாக்டர் கையுறையோடு வந்திருந்தார், அவர் பின்னாலேயே கழுத்தில் துண்டு கட்டியிருந்த நோயாளி, நமக்கும் கசந்ததே என்கிற உரிமையோடு வந்திருந்தார். கணக்கு டீச்சர் வந்திருந்தார். அத்தனை பேரும் படிக்கு வெளியே நின்றார்கள், ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. தையல்காரம்மா வாசல் குழாயில் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். அம்மா மேடத்தைப் பார்த்தாள். அப்போது மேடம் பலகையில் ஓங்கி ஒரு அடி அடித்தது.

ஆஸ்பத்திரியில் போனை எடுத்த டாக்டர், ஆம்புலன்ஸ் அனுப்புவதாகவும் அதுவரை மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்படியும் சொன்னார். எண்ணுவது என்றால் கணக்கு டீச்சரை விட்டால் யார். டீச்சர் மேடத்தின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உரக்க எண்ணினார், வாசலில் நின்றவர்களும் வாய்க்குள் எண்ணினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள், டாக்டரோடு பேசினார்கள், உள்ளே போனது கொஞ்சம்தான், தூங்குவாள், பக்கத்தில் இருங்கள் என்று உட்கார்ந்து காவல் இருந்தார்கள். இதற்கு நடுவில் அப்பா வந்து சேர்ந்தார். லிஃப்ட்டில் இருந்தவர்களை வெளியே எடுத்த கையோடு, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். காலரில் இதைக் கண்டு பதறி ஓடி வந்தேன் என்பதுபோல் கிளிப்பைக் காட்டினார். அதை யாரும் சந்தேகிக்கவில்லை. அம்மா அவர் காலரிலிருந்து கிளிப்பைக் கழற்றித் திரையில் மாட்டினாள். மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "என் கையாலேயே," என்று அழுதாள். தையல்காரம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். கழுத்தில் தொங்கிய அளவு நாடா அம்மாவின் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் மேடம் கண் விழித்து, எட்டிப் பார்த்த பல் டாக்டரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கண்ணாடி உடைந்ததை அந்தத் தெருவே கொண்டாடியது.

அதன்பின் கதவு சாத்தப்படவில்லை. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் தாங்களாகவே வெளியே நின்றுகொள்வார்கள், மற்றவர்கள் முழங்கைவரை கழுவிக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து தையல்காரம்மாவுக்கும் டீச்சருக்கும் குழாயில் ஊற்றுவதையும் சளி உறிஞ்சுவதையும் சொல்லிக்கொடுத்தார். தையல்காரம்மா கை நடுங்கக் கற்றுக்கொண்டார், டீச்சர் நடுங்காமல் தப்பாகச் செய்து திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டார். உப்பு விஷயத்தையும் ஒரு நாள் தையல்காரம்மா பயந்து பயந்து எடுத்துவிட்டார். அம்மா முறைத்தாள். "நான் என்ன ஊருக்கா சமைக்கிறேன்?" என்றாள். மறுநாள் டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்றதும், கேரட்டில் ஒரு சிட்டிகை போட்டாள். தெருவே மெச்சிக்கொண்டது. அன்றைக்கு மேடம் பலகையில் இரண்டு அடி அடித்ததாக அம்மா சொன்னாள். ருசி தெரியாமல் அடித்தது என்று யார் சொல்ல முடியும்.

இவ்வளவுக்கும் பிறகும் அம்மா வெளியே போகவில்லை. மேடத்துக்கு ஐந்து வயது ஆனபோது தையல்காரம்மாவும் டீச்சரும் கட்டாயப்படுத்தி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்கள். தெரு முனையைத் தாண்டுவதற்குள் அம்மாவின் செருப்பு அடி பெயர்ந்து வந்துவிட்டது. தேய்ந்ததால் அல்ல, போடாமலே கிடந்து பசை உதிர்ந்துபோயிருந்தது. ஆகவே செருப்பு வாங்குவதே அவர்கள் போகும் காரியமாயிற்று. பஸ்ஸில் பாதி வழி அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள், மீதி வழி அப்பாவின் தோளில் வாயைத் திறந்து தூங்கினாள். கடையில் பார்த்த முதல் ஜோடியையே எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அவரைப் பஸ் ஸ்டாப்புக்கு இழுத்து வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து ஒரு காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் வாயில் கேரட் வந்தது.

அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இனிப்பு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பச்சை வாசனை. நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. பெற்றவர்களுக்குத் தெரு முனை என்று எல்லை கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் திரும்பினாள். அவரும் லேசாக வாயை அசைத்துக்கொண்டிருந்தார். பிடிபட்டதும் நிறுத்தினார்.

"உங்களுக்கும் வருது."

"வரும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. நீ அழுதியா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல." செருப்புப் பெட்டியின் மூடியைத் திருப்பிக்கொண்டே, "அன்னிக்கு லிஃப்ட்டுக்குள்ள நிக்கிறேன், ரெண்டாவது தரம் கசந்துச்சு. போன் போட்டா லைன் கிடைக்கல. கிளிப்ப அப்புறம்தான் பார்த்தேன்," என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் ஊரில் எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளை சாப்பிட்டாயிற்று என்று நிம்மதியாக ஸ்குரு திருகிக்கொண்டிருந்திருக்கிறார், தான் மட்டும் தவித்திருக்கிறோம் என்று நினைத்தாள். நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தவளுக்கு வேறு ஒன்று தோன்றியது. தனியாக நின்று, யாரும் பார்க்காமல், கை கடுக்க ஊற்றிய ஒவ்வொரு வேளையும் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது.

"அப்ப நான் ஒரு வேளைகூட தவறவிடலன்னு உங்களுக்குத் தெரியும்."

"ஒரு வேளைகூட விடல," என்றார் அவர். "நல்லாவும் அரைப்ப."

அவள் மற்ற காலிலும் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். டீச்சர் கேரட்டை இன்னும் கொஞ்சம் வேகவைத்திருக்கலாம் என்றாள். அவரும் ஆமாம், வேகவில்லை என்றார். வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது, நடத்துநர் இவர்களைப் பார்த்து ஏறுகிறீர்களா என்று கையால் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டிவிட்டு, எதிர்க் கடையில் காபி நன்றாக இருக்குமா, எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று கணவரைக் கேட்டாள்.