தவளக்குப்பத்தில் நின்ற வண்டி

தங்கவேல் பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். சுத்தமாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன அந்தக் குழாயோடு அரைமணி நேரம் போயிருந்தது. தவளக்குப்பம் சாலையில் உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது.

வண்டி பாகூர் சுப்பராயலு ரெட்டியாருடையது, ஓட்டுவது இவன். பின்னால் கிடந்தவள் இவன் பெண்டாட்டி அம்சவள்ளி. தலைப்பிரசவம், இரண்டு நாள் வலி. மருத்துவச்சி கையை விரித்ததும், "புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடுடா" என்று ரெட்டியாரே கதவைத் திறந்துவிட்டார்.

"இன்னா மாப்ள, இன்னும் ஆவலியா?" மகளின் தலையை மடியில் தாங்கியிருந்த ஆதிலட்சுமி கேட்டாள்.

"இதோ ஆச்சு அத்த."

வழியில் இரண்டு முறை நின்று, ஆறியதும் கிளம்பிய வண்டி இது. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? குழாயைப் போட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து கம்பிகளை ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தான். சுவிட்சுக்குப் போகும் கம்பியில் ஓர் இடம் விரலைச் சுட்டது. சுற்றியிருந்த துணி கருகியிருந்தது.

அவன் போட்ட இணைப்புதான். முந்தாநாள் அந்தக் கம்பி அறுந்தபோது ஈயம் வைத்துப் பற்றவைக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. வெறுமனே முறுக்கி, துணியைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினான். அவளைப் பார்க்கத்தான் ஓடினான், பாவி மனுஷன்.

கரியைக் கத்தியால் சுரண்டி, குறடால் இறுக்கி முறுக்கினான். முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றியதும் ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"அம்சா, கெளம்பிட்டோம்டி!"

அத்தை மகளின் இமைகளை விரலால் மூடிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"வண்டியத் திருப்பு மாப்ள" என்றாள்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்த, நான்தான்..." என்று வாயெடுத்தான்.

"நீ இன்னா பண்ணுவப்பா? ரெண்டு நாழியா வெய்யில்ல வெந்துக்கினு கெடந்தியே, நான் பாக்கலியா? எந்திரம் பண்ண கோளாறுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினான்.

பாகூர் ஏரிக்கரை வரை ஓர் இடத்திலும் அது நிற்கவில்லை. கரை ஏறும் மேட்டில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டது.

"பாத்துப் போ மாப்ள" என்றாள் அத்தை. "புள்ளத்தாச்சி, குலுங்குது."

தங்கவேல் வேகத்தைக் குறைத்தான்.