வாளிச் சத்தம்

விடுதிச் சமையற்கட்டில் அவளுக்குச் ‘சுத்தக்கா’ என்றுதான் பெயர். அடுப்பு மேடையைத் துடைத்த துணியையே மூன்று தரம் அலசிப் போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அப்படிப்பட்டவளுக்குக் குப்பைத்தொட்டி ஒரு தண்டனை. குப்பை வண்டி வாரத்துக்கு இரண்டே நாள்தான் வரும். நடுவில் மீன் குடலும் கோழித் தோலும் வெயிலில் நாறி, விருந்தினர்கள் முகம் சுளித்தார்கள். மேனேஜர் அவள்மேல் எரிந்து விழுந்தார். அவளும் ஒரு வழி கண்டுபிடித்தாள். விடுதிக்குப் பின்னால், கடலில் போய்க் கலக்கிற ஆறு. மத்தியான வேலை முடிந்ததும் நாலு மணிக்குப் பின்படியில் இறங்குவாள், கழிவு வாளியைத் தண்ணீரில் கவிழ்ப்பாள். அடியில் ஒட்டியிருப்பது விழுவதற்காக வாளியைப் படிக்கல்லில் இரண்டு தட்டு. டங், டங். மூன்று மாதமாக இதுதான் நடப்பு.

அங்கே எச்சரிக்கைப் பலகை இல்லாமல் இல்லை. படகுத்துறைக்குப் போகிற வழியிலேயே, வாயைப் பிளந்த முதலைப் படத்தோடு, ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தண்ணீரை விட்டு ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். மீன் கழிவை ஆற்றில் போடாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் கரையோரம் போகாதீர்கள். அதைத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பதே அவள்தான். பறவை எச்சம் ஒரு பொட்டு இருக்கக் கூடாது. ஆனால் அதில் எழுதியிருப்பது தனக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு நாளாவது தோன்ற வேண்டுமே! பலகை ஊர் சுற்ற வந்தவர்களுக்கு. அவள் இங்கேயே கிடக்கிறவள் அல்லவா?

அந்தத் திங்கட்கிழமை வாளியோடு இறங்கியவள், கடைசிப் படிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீரில் இரண்டு மேடு. மேட்டுக்குப் பின்னால், கட்டை மிதப்பதுபோல, மிக நீளமாக ஓர் உடம்பு. அவள் இன்னும் எதையும் கொட்டவில்லை. அதற்குள் அது வந்து காத்துக்கொண்டிருந்தது.

எப்படி மேலே ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கழிவை மூன்று பைக்குள் இறுக்கிக் கட்டிப் பழைய ஃப்ரீசரில் திணித்தாள். இதை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம்தான். என்ன செய்வது, அப்போது பயம் இல்லையே!

யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜரிடம் சொன்னால் வேலை போகும். அவள் புருஷனிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். அவன் அதே விடுதியின் படகோட்டி. பின்படியிலிருந்து நாற்பதடி தள்ளித்தான் படகுத்துறை. தினமும் நாலேகால் படகில் ஏறுகிறவர்களிடம், தண்ணீரில் எதையும் போடாதீர்கள், போட்டால் முதலை பழகிவிடும் என்று மூச்சு விடாமல் பாடம் நடத்துகிறவன். அவனிடம் எந்த முகத்தோடு சொல்வாள்? போடுவதை நிறுத்திவிட்டால் அதுவாகப் போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அது போகவில்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தாள், வந்திருந்தது. புதன்கிழமை கடைசிப் படியில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றும் நாட்களில் படகு சேற்றில் தட்டும், அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளுவான். அது வற்றுகிற வாரம்தான்.

“நாளைக்குத் தண்ணியில இறங்காதீங்க” என்றாள்.

“இறங்காம படகு எப்படிடி நகரும்? என்ன திடீர்னு?”

“சும்மாதான்.”

அந்த ‘சும்மாதான்’ என்ற வார்த்தைக்காக அவள் பிறகு எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாளோ!

வியாழக்கிழமை நாலேகால் தாண்டி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது படியில் அது இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவள், பழக்கதோஷத்தில் துறைப் பக்கம் திரும்பினாள். எட்டு பேரோடு படகு சேற்றில் மாட்டியிருந்தது. அவன் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். கரையோரமாக ஒரே ஒரு நீர்க்கோடு, அவசரமே இல்லாமல், அவனைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

கத்தினாள். படகு இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. ஓடிப் போய்ச் சேர நேரம் இல்லை. அப்போதுதான் மூலையில் கிடந்த வாளி கண்ணில் பட்டது.

படியில் இறங்கி வாளியைக் கல்லில் அடித்தாள். டங், டங். கோடு நின்றது. மறுபடி அடித்தாள். கோடு திரும்பியது. ஐயோ, அது தன்னைப் பார்த்துத்தான் வருகிறது என்று தெரிந்தும், அவன் கரையேறுகிறானா என்று பார்த்தபடியே அடித்துக்கொண்டிருந்தாள். படகில் யாரோ அலறினார்கள். அவன் திரும்பிப் பார்த்து, ஒரே தாவலில் படகுக்குள் விழுந்தான். அதே நொடியில் கடைசிப் படியில் தண்ணீர் வெடித்துத் தலை மேலே வந்தது. வாளியை அதன்மேல் வீசிவிட்டு அவள் சமையற்கட்டுக்குள் போய் விழுந்தாள்.

சற்று நேரத்தில் எல்லோரும் பின்கட்டுக்கு வந்துவிட்டார்கள். படகில் வந்தவர்களில் ஒரு அம்மா, இந்தக் காட்சி தினமும் உண்டா என்று கேட்டுக் கைதட்டினாள். மேனேஜர் வனத்துறைக்குப் போன் போட்டு, எங்கள் இடத்தில் யாரும் தீனி போடுவதில்லை, பலகையே வைத்திருக்கிறோம் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் புருஷன் மட்டும் சேற்றில் நசுங்கிக் கிடந்த வாளியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் எழுந்து வந்து மேனேஜரிடம் போனைக் கேட்டு வாங்கினாள்.

“நான்தாங்க போட்டேன். மூணு மாசமா. வாளியைத் தட்டினா வரும். நாளைக்கும் நாலு மணிக்கு வரும்ங்க, யாரையும் தண்ணிகிட்ட விட்டுடாதீங்க.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முழங்கால் வரை ஈரமான காலோடு வாசலிலேயே உட்கார்ந்து, “நேத்தே சொல்லியிருக்கலாமேடி” என்றான்.