வீட்டாருக்கு வேண்டாதவை

தபால்காரர் கொண்டுவந்த பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தபோது வெல்டாவின் கண்ணில் முதலில் பட்டது கணவன் ஆரினின் கைக்கடிகாரம் அல்ல, கடிதக் கட்டைச் சுற்றியிருந்த கயிறுதான். பழைய கயிறு. அது முன்பு மடிந்திருந்த தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. அந்தத் தடங்களைப் பார்த்தால் கட்டு இப்போதிருப்பதைவிட இரண்டு மடங்கு பருமனாக இருந்திருக்க வேண்டும். மிச்சமிருந்தவை எல்லாம் அவள் எழுதியவை. வாராவாரம் எழுதினவள்தான், ஆனால் மொத்தம் எத்தனை என்று அவளுக்கே தெரியாது.

வேறு எந்தப் பெண்ணும் அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்து அழுதிருப்பாள். வெல்டாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இரண்டு வருஷமாகக் கான்சஸ் சிட்டியில் அவள் பார்க்கிற வேலையே இதுதான். யுத்தத்தில் செத்த பையன்களின் சாமான்கள் கடல் தாண்டி அமெரிக்க ராணுவத்தின் அந்தப் பெரிய கட்டடத்துக்கு வந்து குவியும். வீட்டாருக்கு அனுப்புவதற்கு முன், பல் வைத்தியரின் கருவி மாதிரி ஒன்றை வைத்துக் கடிகாரத்திலும் ஹெல்மெட்டிலும் ரத்தக் கறையைச் சுரண்டுவார்கள். சட்டைகளைத் துவைப்பார்கள். கடிதங்களை ஒன்றுவிடாமல் படிப்பார்கள். வீட்டாருக்கு வேதனையோ வெட்கமோ தரக்கூடியது எதுவானாலும் எரிக்கிற கூடைக்குப் போய்விடும். ரத்தம் தோய்ந்த காகிதத்துக்கும் வேறொருத்தியின் புகைப்படத்துக்கும் ஒரே கூடைதான். இன்றைக்கு எத்தனை புருஷன்மாரை யோக்கியர்களாக்கி அனுப்பினோம் என்று மத்தியானச் சாப்பாட்டில் சிரித்ததும் உண்டு.

தன் உறவுக்காரரின் பெட்டியை யாரும் தானே தொடக் கூடாது என்பது அங்கே விதி. ஆரின் இத்தாலியில் செத்து ஐந்து மாதம் கழித்து வந்த அவன் பெட்டி, பக்கத்து மேசை லோரீனிடம் போயிருந்தது. மறுநாள் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல் வெல்டா அவள் முன்னால் போய் நின்றாள்.

"என்னத்தடி எடுத்தே?"

"ஒண்ணும் எடுக்கல."

"ஊருக்கெல்லாம் சொல்ற பொய்ய என்கிட்டயே சொல்றியா? கயித்தப் பாத்தேன்."

"எடுக்கச் சொன்னத எடுத்தேன். நீ எடுக்கலையா? விட்டுடுடி."

"ரத்தமா, பொம்பளையா? அது ஒண்ண மட்டும் சொல்லு. அவன நெனச்சு ஒழுங்கா அழவாவது வேணாமா நான்?"

லோரீன் மேற்பார்வையாளர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "சாயங்காலம் கூடையக் கீழ கொண்டுபோறது என் முறை. கூட வா."

அடித்தளத்தில் உலை எரிந்துகொண்டிருந்தது. லோரீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஏப்ரன் பையிலிருந்து ஒட்டி மூடிய பழுப்பு உறை ஒன்றை எடுத்தாள்.

"ரெண்டு வாரமா வச்சிருக்கேன். மாட்டியிருந்தா வேல போயிருக்கும். உன்னோடதாச்சே, எரிக்கக் கை வரல." உறையை நீட்டினாள். "ரத்தம்தாண்டி. உன் லெட்டருங்கதான், பாதி நனைஞ்சு போச்சு. பாக்காத. பாத்தா காலத்துக்கும் அதுதான் கண்ணுல நிக்கும். அப்படியே உள்ள போட்டுடு."

வெல்டா வாங்கிக்கொண்டாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஆரினை அத்தனை நாளில் முதல்முறையாக ஆசையோடு நினைத்தாள். பாவம், என் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் செத்திருக்கிறான். ஆனால் அவள் விரல்கள் இரண்டு வருஷமாக வேறு பாடம் படித்தவை. ரத்தம் காய்ந்த காகிதம் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்துக்கொள்ளும், வளைத்தால் மொறுமொறுவென்று நொறுங்கும். கையிலிருந்த உறை பட்டுத்துணி போல வளைந்து, சத்தமில்லாமல் நிமிர்ந்தது.

லோரீன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ஆமா," என்றாள் வெல்டா. "ரத்தம்தான். வெறச்சுப் போயிருக்கு."

லோரீன் பெருமூச்சு விட்டுவிட்டு உலைக் கதவைத் திறந்து பிடித்தாள். அனலில் அவள் முகம் சிவந்தது. அவள் காத்திருக்க, வெல்டா அந்த உறையை இன்னொரு தடவை வளைத்தாள். பிறகு இன்னொரு தடவை.