அக்குளில் வைத்த பசை

உலகத்தாருக்கு மாபெரும் அறிவிப்பு: பிஸெர்த் என்ற துறைமுக ஊரின் கடற்கரையில் இருக்கும் சுக்ரி முதலாளியின் மின்னணு ஆலைக்குள் காற்றில் இருந்த ஈரம் அடியோடு ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்தவர் முதலாளியே. ஈரத்தை உறிஞ்சும் எந்திரம் மின்சாரத்தைத் தின்கிறது என்று கோடையிலேயே அதை நிறுத்தினார். ஈரம் காட்டும் கருவியின் மேல் தன் தொப்பியை மாட்டினார். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதற்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை.

விடியலில் ஆலைத் தொழிலாளி நஸீஹா உறைபெட்டியைத் திறந்தாள். வெள்ளித்தூள் கலந்த பசைக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூடு தாங்காத சில்லுகளை அந்தப் பசைதான் மின்சுற்றுத் தட்டில் ஒட்டும், மின்சாரத்தையும் கடத்தும். நாலாவது குழாயிலேயே விரல்கள் மரத்துப்போயின. ஆறாவதில் அவை யாருடையவோ ஆகிவிட்டன. அவளுக்கு அது பழக்கம். சம்பளம் குறைந்த மாதம் மனசும் இப்படித்தான் மரத்துக்கிடந்தது.

குளிர் விடும்வரை குழாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் பனியாய்ப் பசைக்குள் இறங்கும். ஒட்டு இன்று பிடிக்கும், இரண்டு மாதத்தில் வாய் பிளக்கும். ஆனால் காத்திருப்பதற்குச் சம்பளம் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். எனவே பெண்கள் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள். மேலே வெதுவெதுப்பு வந்ததும் திறந்தார்கள். உள்ளே பனிக்கட்டிதான்.

மணி அடித்ததும் சுக்ரி வந்தார்.

"பெட்டி பெட்டியாச் சரக்கு திரும்பி வந்துருக்கு. ஒட்டெல்லாம் விட்டுப்போச்சு. குத்தவாளியைக் கண்டுபிடிச்சிட்டேன்." நஸீஹாவின் வரிசையில் இருந்த மொன்ஜியாவைச் சுட்டினார். "என் பசையை அக்குள்ல வச்சிருந்தா. வேர்வை! வாங்குறவன் கேட்டா எந்த மூஞ்சியோட பதில் சொல்ல?"

"குழா மூடித்தான இருந்துச்சு ஐயா. காத்திருக்க நேரமில்லன்னு நீங்கதான..."

"பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

மொன்ஜியா பையை எடுத்தாள். இரண்டு பிள்ளைகள் அந்தப் பையை நம்பித்தான் இருந்தன. நஸீஹாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடது அக்குளில் மட்டும் சில்லென்று ஏதோ உறுத்தியது. கையை விட்டு எடுத்தாள். பசைக் குழாய். மேசைமேல் வைத்தாள்.

"என்னதும் அங்கதான் இருந்துச்சு, ஐயா."

எதிர் வரிசையில் சலூவா எழுந்தாள். "எனக்கு ரெண்டு பக்கமும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகக் கைகள் உயர்ந்தன. சுவரொட்டியில் வரும் முஷ்டிகள் அல்ல, அக்குளைக் காட்ட உயர்ந்த கைகள். மேசையில் குழாய்கள் குவிந்தன.

"எல்லாரையும் அனுப்பிருவேன்!"

"அனுப்புங்க. நீங்களே உக்காந்து ஒட்டுங்க," என்றாள் சலூவா. "உங்க அக்குள் அகலமானது. மொத்தச் சரக்கும் கொள்ளும்."

"மொன்ஜியா இங்கதான் இருப்பா," என்றாள் நஸீஹா. "ஈரம் உறிஞ்சுற எந்திரத்தை ஓட விடுங்க. பசை தானாக் குளிர் விடுறவரைக்கும் ஒரு மூடியும் தெறக்க மாட்டோம்."

"யாரு போட்ட உத்தரவு?"

"கருவிமேல மாட்டுன உங்க தொப்பியைத் தூக்கிப் பாருங்க, தெரியும்."

அவர் தொப்பியைத் தொடவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மொன்ஜியா பையோடு நின்றுகொண்டிருந்தாள். நஸீஹா பலகையில் நகர்ந்து இடம் விட்டாள். மொன்ஜியா உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மூடிய குழாய்களின் மேல் நீர்த்துளிகள் அரும்பின, அவை இருக்க வேண்டிய வெளிப்பக்கத்தில். நஸீஹாவின் விரல்களுக்கு உணர்வு திரும்பியது. வலித்தது. மொன்ஜியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சலூவா வந்து நஸீஹாவின் மறு கையைப் பிடித்தாள். ஒருவரும் வேலையைத் தொடவில்லை.

ஈரம் உறிஞ்சும் எந்திரம் அன்று முழுக்க ஓடவில்லை. ஒரு குழாயும் திறக்கவில்லை.