குரைப்பு முதலில் வந்தது

எங்கள் வீட்டுக்குக் குரைப்பு முதலில் வந்தது. நாய் இன்னும் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். குரைப்பு என் கால்களுக்கு நடுவே நுழைந்து உள்ளே போய்விட்டது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டது. சின்னக் குரைப்புதான். முடியும்போது லேசாகப் பிசிறும். காலிங்பெல் அடித்தால் கதவுவரை ஓடிவந்து குரைக்கும். மற்றபடி தொந்தரவு இல்லை. சாப்பாடும் கேட்பதில்லை.

அது வந்த பிறகு என் மனைவி துளசிமணிக்கு முகம் தெளிந்துவிட்டது. நான் மில்லுக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவேன். அதுவரை அவளும் தையல் மெஷினும்தான். இப்போது மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். மேசைக்கு அடியில் குனிந்து, "உனக்கென்ன, குடுத்து வெச்ச ஜென்மம்" என்கிறாள். அது ஒரு தடவை குரைக்கும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் யாருடைய குரைப்பு இது என்பது என்னை அரித்தது. நான் கேஸ் சிலிண்டரை ஆட்டி ஆட்டி மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற ஆள். எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க, உங்க வீட்ல நாய் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. குரைப்பு மட்டும்தானுங்க."

"நாய் வெச்சுக்கலாமுங்க. சங்கத்துல ஆட்சேபணை இல்லீங்க. குரைப்ப மட்டும் வெச்சுக்கறதுக்குத்தான் விதியில இடமில்லீங்க."

"அப்ப என்ன பண்றதுங்க?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அதுக்கு ஒரு நாயப் பாத்துருங்க. இல்லீன்னா மொட்டைமாடில கொண்டுபோயி விட்டுட்டீங்கன்னா காத்துல போயிருமுங்க."

சமையலறையில் துளசிமணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அன்றைக்கு வெங்காயம் நறுக்குகிற சமையல் இல்லை.

நாச்சிமுத்து நல்ல மனுஷன்தான். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மண்டபத்தில் குட்டி பார்க்கும் வைபவம். சுற்றமும் நட்பும் சூழ வந்து ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

ஞாயிறு காலை துளசிமணி குரைப்பைத் தூக்குப்போசியில் போட்டு மூடினாள். இட்லி எடுத்துப் போகிற பாத்திரம் அது. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னங்க?"

"குரைப்புங்க."

"கடிக்குமுங்களா?"

"கடி எங்ககிட்ட இல்லீங்க."

"அப்பச் சரி. மடில வெச்சுக்கங்க" என்று இரண்டு டிக்கெட் கிழித்தார்.

மண்டபத்தின் நடை நாங்கள் நடக்க நடக்க நீண்டது. முகூர்த்த நாட்களில் அப்படித்தான் ஆகும். வழியில் சந்தனம் கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சந்தனம் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தவர்களேதான்.

மேடையில் மணமக்கள் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபாவில் குட்டிகள் இருந்தன. அஞ்சு குட்டிகள். முன்வரிசை நாற்காலியில் தாய்நாய் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. பெண்ணைப் பெற்றவளுக்கு இருக்கிற கவலை அதன் முகத்தில் இருந்தது. மேடையேற ஒரு வரிசை. ஏறுகிறவர்கள் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி, நகம் பார்த்து, நாக்குப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிடப் போனார்கள்.

பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். குட்டிகளின் பொறுப்பு அவரிடம்தான். பெயர் பழனாத்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"குட்டி பாத்துட்டுச் சாப்பிடறோமுங்க."

"சாப்பிட்டுட்டுப் பாருங்க. பசியோட பாத்தா எல்லாக் குட்டியும் ஒரே மாதிரி தெரியும்."

சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் கெண்டைக்காலில் கட்டுப் போட்ட ஒருவர் நின்றார். ராக்கியப்பன் என்றார். லாட்ஜில் தனியாகத் தங்கியிருக்கிறாராம். நாய் கடித்ததா என்று கேட்டேன்.

"நாய் இல்லீங்க. கடி மட்டும் வந்துருக்குதுங்க."

கட்டை அவிழ்த்துக் காட்டினார். அரிசி பதித்தாற்போலக் குட்டிப் பற்களின் தடம். தினமும் விடிந்ததும் புதிதாகப் பதிகிறதாம். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "வேற யாரு நம்மளத் தேடி வர்றாங்க சொல்லுங்க" என்றார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு டீச்சர் மஞ்சப்பையோடு நின்றார். பை நிறைய முடி. செம்பட்டை முடி. "நாய் இல்லாத வீட்ல தெனமும் நாய்முடி கூட்டறனுங்க. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை.

எங்கள் முறை வந்தது. துளசிமணி ஒவ்வொரு குட்டியின் முன்னும் போசியின் மூடியை இத்தனூண்டு திறந்தாள். உள்ளிருந்து சத்தமே இல்லை. குட்டிகள்தான் குரைத்தன. அஞ்சும் குரைத்தன. அஞ்சிடமும் அவற்றின் சொந்தக் குரைப்பு இருந்தது. எதை எடுத்துப் போனாலும் எங்கள் குரைப்பு அதிகப்படியாகத்தான் நிற்கும். நாச்சிமுத்து ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதற்குள் கறுப்புக்குட்டி ஒன்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. காது இரண்டும் மடிந்து, வயிறு உருண்டு, கொள்ளை அழகு. எனக்கு மனசு சரிந்துவிட்டது.

"துளசி, இதையே எடுத்துக்கலாமே" என்றேன்.

"அப்ப இது?" என்று போசியைக் காட்டினாள்.

நான் மொட்டைமாடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது தாய்நாய் மேடையேறி வந்து சோபாவில் படுத்தது. குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு பால் குடித்தன. நடுவில் ஓரிடத்தை மட்டும் விட்டுவிட்டுக் குடித்தன. அந்த இடத்தில் வெல்வெட் அமுங்கிக் குழியாக இருந்தது. தாய் தலையைத் திருப்பிக் குழிக்கு மேலே காற்றை நக்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். போட்டோக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

"ஏனுங்க, அங்க என்னங்க இருக்குது?" என்று பழனாத்தாளிடம் கேட்டேன்.

"அதுங்களா. அது ஆறாவது. யாருமே கேக்கலீங்க."

"கண்ணுக்குத் தெரியலீங்களே."

"அவசரக் குட்டிங்க. பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வெளிய அனுப்பிருச்சு. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு வீட்டுக்குப் போயிருச்சு."

"இங்க என்னதாங்க மிச்சம்?"

"பசி இருக்குதுங்க" என்றார்.

நான் குழியில் கையை வைத்தேன். உள்ளங்கையில் ஏதோ சப்பியது. சத்தமில்லை, பல்லில்லை, முடியில்லை. வெறும் பசி. வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

பழனாத்தாள் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு மண்டபம் விடணுமுங்க. அடுத்த பார்ட்டி வாசல்ல நிக்கறாங்க. கறுப்பா, இதா? ஒண்ணு சொல்லிப்போடறேன். கறுப்பு முழுசா இருக்குது. இது முழுசா வருமான்னு எனக்குத் தெரியாது. அதது போய்ச் சேர்ந்த வீட்டுக்காரங்க எல்லாரும் வரணுமில்ல."

கறுப்புக்குட்டி இன்னும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்ல விடுவித்தேன். குழிக்குள் இருப்பது என்ன என்று பார்க்காமல் அன்று என்னால் பஸ் ஏறியிருக்க முடியாது.

"இதுதானுங்க" என்றேன்.

துளசிமணி உடனே போசியைத் திறக்கவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "கொட்டிட்டு இது வேற யாரு வீட்டுக்காச்சும் போயிருச்சுன்னா?" என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றே சொன்னேன். அவள் குழியைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து போசியைக் கவிழ்த்தாள்.

குழிக்குள்ளிருந்து குரைப்பு கேட்டது. முடியும்போது பிசிறியது.

டீச்சர் பையை உதறினார். முடி விழுந்த இடமெல்லாம் குட்டி தெரிந்தது. வயிறு, முதுகு, நெற்றி. டீச்சர் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனார். குட்டி வாயைத் திறந்தது. வாய்க்குள் பற்கள் இல்லை.

எல்லோரும் ராக்கியப்பனைப் பார்த்தோம். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்க குடுத்தாத்தானுங்க இது சோறு திங்கும்" என்றாள் துளசிமணி.

"குடுத்துட்டு நான் எங்கம்மா போவேன்? எங்க லாட்ஜுல நாய் கூடாதுங்க. கடி இருக்கலாம். அதுதான் எனக்கு இருக்குது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

துளசிமணி கொஞ்சம் யோசித்தாள். "ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்கு வந்துருங்க அண்ணா. கடிச்சுட்டுப் போகட்டும். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போலாம்."

"கறிங்களா?"

"கறிதானுங்க."

ராக்கியப்பன் கட்டை அவிழ்த்துக் காலை நீட்டினார். குட்டி கெண்டைக்காலை ஒரு தடவை கவ்வி விட்டது. தடம் மறைந்தது. வாயில் பற்கள் வந்தன. அவர் வெறுங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே பந்திக்குப் போனார்.

குட்டி முழுசாகிவிட்டது. வால் மட்டும் இல்லை. வரிசையில் மீதி இருந்தவர்களிடம் வால் இருக்கிறதா என்று விசாரித்தோம். யாரிடமும் இல்லை. வால் வந்த வீட்டார் பத்திரிகை கிடைக்காதவர்களாக இருக்கலாம் என்றார் பழனாத்தாள். எங்கள் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். தாய்நாய் வாசல்வரை வந்தது. தாம்பூலப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் நாச்சிமுத்து வந்து சோதித்தார். குரைப்பு நாயின் வாயிலிருந்துதான் வருகிறது என்பதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார்.

"வால் எங்கீங்க?"

"வர வேண்டியிருக்குதுங்க."

"வாலப் பத்தி விதி எதுவும் இல்லீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பிரச்சினை பிறகுதான் ஆரம்பித்தது. குட்டி மேசைக்கு அடியில் போகவில்லை. வாசல் மிதியடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. துளசிமணி பால் வைத்தாள், குடித்தது. மறுபடி திரும்பி உட்கார்ந்தது. துளசிமணி அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது.

"ஏனுங்க, இதுக்கு நம்மளப் புடிச்சிருக்குதுங்களா?"

"தெரியலையே" என்றேன்.

"குரைப்பா இருந்தப்ப எங்கூடவே இருந்துச்சு. நாயா வந்ததும் வேண்டாதவளாப் போயிட்டேனாட்ட இருக்குது."

அவள் சாப்பிடவில்லை. கறுப்புக்குட்டியாக இருந்தால் இந்நேரம் என் சட்டையைக் கிழித்திருக்கும் என்று நினைத்தேன். துளசிமணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சீரகம்" என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரை எப்போது யோசித்து வைத்தாளோ, எனக்குத் தெரியாது.

குட்டி திரும்பவில்லை. ஒரு தடவை குரைத்தது. அவ்வளவுதான்.

என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் பேசினாள். தாராபுரத்திலிருந்து என்றாள். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, பழனாத்தாக்கா நம்பர் குடுத்தாங்க. உங்க வீட்ல இப்ப என்னங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே. ஏனுங்க?"

"எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடில ஒரு வால் இருக்குதுங்க. வந்து நாளாச்சு. கயிறாட்டம் கெடந்துச்சு. ஒருநாள்கூட அசஞ்சதில்லீங்க. இப்ப என்னமோ ஆட்டம்னா ஆட்டம், அந்த ஆட்டம் ஆடுதுங்க."

நான் போனைத் துளசிமணியிடம் கொடுத்தேன். அவள் காதில் வைத்துக் கேட்டாள்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டனுங்க" என்றாள் மெதுவாக.

"இன்னொருக்காக் கூப்பிடுங்க" என்றது போன்.

துளசிமணி கூப்பிட்டாள். குட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. போனுக்குள் கட்டில்காலில் ஏதோ தட் தட்டென்று அடித்தது. எனக்கே கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். சார்ஜ் தீரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.